போன் வாங்கும்போது பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள்

சென்ற சித்திரையில் விடுமுறைக்குக் காரைக்குடி சென்றிருந்தேன். வீட்டிற்குள் நுழைந்ததும் அப்பத்தா தன் ஸ்மார்ட் போனை என்னிடம் நீட்டினார்.

“என்னப்பு, போனுக்கு வயிறு உப்பிப் போச்சு. கவருக்குள்ள போக மாட்டேங்குது.”

வாங்கிப் பார்த்தேன். பின்பக்க மூடி ஒரு பக்கம் பிளந்து நின்றது. திரையின் ஓரம் மேலே எழும்பியிருந்தது. உள்ளே இருந்த பேட்டரி வீங்கிவிட்டது. அந்தப் போன் முந்தின இரவு முழுவதும் அப்பத்தாவின் தலையணை அருகே, மெத்தை மேல், சார்ஜரில் கிடந்திருக்கிறது.

“ராத்திரி சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்குங்க அப்பத்தா, காலையில நூறு இருக்கும்” என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். சாப்ட்வேர் எழுதும் பொறியாளன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் ஆறு ஆண்டுகளாக அப்படியே செய்து வந்தார். அந்தப் போனில்தான் கோலாலம்பூரில் இருக்கும் அத்தையுடன் தினமும் பேசுவார். மறைந்த ஐயா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை.

புதிதாகக் கம்ப்யூட்டரும் ஸ்மார்ட் போனும் வாங்கியிருக்கும் பலர் கேமரா எத்தனை மெகா பிக்ஸல், மெமரி எத்தனை ஜி.பி. என்று கேட்டு வாங்குகிறார்கள். பேட்டரியைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. ஆனால் போன் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பேட்டரிதான். மொபைல் நிறுவனங்களுக்கிடையே நடந்த பெரிய போட்டிகளில் ஒன்றும் இதைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது. அந்தக் கதையையும், நாம் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கு காணலாம்.

உள்ளே என்ன இருக்கிறது?

இன்றைய போன், லேப்டாப் ஆகியவற்றில் இருப்பது லித்தியம் அயன் பேட்டரி. இதில் இரண்டு முனைகள் உண்டு. நெகட்டிவ் முனையில் கிராபைட் என்னும் கரிப்பொருள் இருக்கும். பாசிட்டிவ் முனையில் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்ஸைடு இருக்கும். இரண்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தடுப்பும், மின்பகுளி என்னும் திரவமும் உள்ளன. சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் கிராபைட்டிற்குள் சென்று அமர்கின்றன. போனைப் பயன்படுத்தும்போது அவை திரும்பி வருகின்றன. இந்தப் போக்குவரத்துதான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம்.

ஒவ்வொரு முறையும் அயனிகளில் ஒரு சிறு பகுதி திரும்ப முடியாமல் சிக்கிக்கொள்கிறது. எனவே நாளாக ஆகப் பேட்டரியின் கொள்ளளவு குறைகிறது. வெப்பமும் நீண்ட நேர முழு சார்ஜும் சேர்ந்தால் மின்பகுளி சிதைந்து வாயு உண்டாகும். அந்த வாயு வெளியேற வழியில்லாமல் உறையை உப்ப வைக்கிறது. அப்பத்தா சொன்ன “வயிறு உப்பிப் போச்சு” என்பது அறிவியல்படியும் சரிதான்.

இந்தப் பேட்டரிக்கு வழி வகுத்தவர்கள் மூவர். ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970களில் லித்தியம் பேட்டரியின் அடிப்படையை உருவாக்கினார். 1980ல் ஜான் குட்எனஃப் கோபால்ட் ஆக்ஸைடைக் கொண்டு வந்தார். 1985ல் அகிரா யோஷினோ லித்தியம் உலோகத்திற்குப் பதிலாகக் கரிப்பொருளைப் பயன்படுத்திப் பாதுகாப்பானதாக்கினார். 1991ல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மூவருக்கும் 2019ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அப்போது குட்எனஃபின் வயது 97.

காரைக்குடிக்கும் இதில் பங்கு உண்டு

எங்கள் ஊரில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. ‘சிக்ரி’ என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து இந்த நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டு வந்தார். 1948 ஜூலை 25ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பேட்டரி, உலோக அரிப்பு, மின்முலாம் போன்றவை இதன் ஆய்வுத் துறைகள்.

இங்குள்ள விஞ்ஞானிகள் லித்தியம் அயன் செல் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கினர். மாதிரி செல்கள் தயாரிப்பதற்கான வசதி சென்னையில் அமைக்கப்பட்டது. 2018 ஜூனில் ராசி சோலார் என்ற நிறுவனத்திற்கு இத்தொழில்நுட்பத்தை வழங்க ஒப்பந்தம் ஆனது. ஐபோன் உட்படப் பல போன்கள் இன்று ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் பூட்டப்படுகின்றன. ஆனால் உலகின் லித்தியம் அயன் செல்களில் பெரும்பகுதியைத் தயாரிப்பது சீனாதான். போனைப் பூட்டுவதைவிட அதன் செல்லைத் தயாரிப்பது கடினம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கழற்றும் பேட்டரி, கழற்ற முடியாத பேட்டரி

என் சிறு வயதில் எங்கள் வீட்டில் இருந்தது நோக்கியா போன். பின்மூடியை நகர்த்தினால் பேட்டரி கையோடு வந்துவிடும். 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை மட்சுஷிடா நிறுவனம் தயாரித்த பி.எல். 5சி வகை பேட்டரிகள் சார்ஜ் செய்யும்போது அதிகமாகச் சூடாகலாம் என்பதே அது. அவற்றின் எண்ணிக்கை 4 கோடியே 60 லட்சம். அப்பா பேட்டரியைக் கழற்றிப் பின்பக்க எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. பழுதான பேட்டரி என்றால் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம். போன் நம் கையிலேயே இருக்கும்.

அதே 2007ல் ஐபோன் வந்தது. அதில் பேட்டரியைப் பயன்படுத்துபவர் கழற்ற முடியாது. போட்டி நிறுவனங்கள் இதைக் கிண்டல் செய்தன. 2014ல் சாம்சங் ஒரு விளம்பரம் வெளியிட்டது. விமான நிலையத்தில் ஐபோன்காரர்கள் சார்ஜர் செருக இடம் தேடிச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள்; கேலக்ஸி எஸ்5 வைத்திருப்பவர் வேறு பேட்டரியை மாற்றிக்கொண்டு போய்விடுவார். மறு ஆண்டு, 2015ல், சாம்சங் எஸ்6 வந்தது. அதிலும் பேட்டரியைக் கழற்ற முடியாது! மெலிந்த உடல், கண்ணாடி முதுகு, தண்ணீர் புகாத அமைப்பு ஆகியவற்றிற்காக ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன.

இதன் விலை 2016ல் தெரிந்தது. ஆகஸ்டில் வந்த கேலக்ஸி நோட் 7 போன்களில் சில தீப்பிடித்தன. செப்டம்பரில் 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெறுவதாகச் சாம்சங் அறிவித்தது. மாற்றித் தந்த போன்களும் எரிந்தன. அக்டோபரில் அந்த மாடலே நிறுத்தப்பட்டது. பேட்டரியின் மேல் மூலையில் முனை வளைந்திருந்தது ஒரு தயாரிப்பாளரின் செல்களில் இருந்த குறை. வெல்டிங்கில் மீந்த கூர்முனை இன்னொருவரின் செல்களில் இருந்த குறை. 2017 ஜனவரியில் இதை விளக்கினார்கள். நோக்கியாவுக்குப் பேட்டரியை மாற்றினால் போதுமாக இருந்தது. நோட் 7க்கு முழுப் போனையும் திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

கழற்றும் பேட்டரி என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2016 செப்டம்பர் 23ல் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் இடத்தில் புகை வந்தது. காரணம் ஒரு பழைய கேலக்ஸி நோட் 2 போன். அதன் பேட்டரி கழற்றக் கூடியது. பணியாளர்கள் தீயணைப்பானைப் பயன்படுத்திக் கட்டுப்படுத்தினர். விமானம் பத்திரமாகத் தரை இறங்கியது.

போன் மெதுவாகிவிட்டதா?

2017 டிசம்பரில் ஆப்பிள் ஒன்றை ஒப்புக்கொண்டது. பேட்டரி நலிந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாமல் இருக்க, சாப்ட்வேர் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அமெரிக்காவில் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018ல் பேட்டரியின் நிலையைப் பயன்படுத்துபவரே பார்க்கும் வசதியையும் தந்தது.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. போன் மெதுவாகிவிட்டது, அடிக்கடி அணைகிறது என்றால் உடனே புதுப் போன் வாங்க வேண்டியதில்லை. முதலில் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாட் போட்டி

பேட்டரியைக் கழற்ற முடியாது என்று ஆனபின், எவ்வளவு விரைவாக சார்ஜ் ஆகிறது என்பதில் போட்டி தொடங்கியது. 2014ல் ஆப்போ தன் வூக் என்னும் விரைவு சார்ஜ் வசதியைக் கொண்டு வந்தது. 2022 ஜனவரியில் ஷாவ்மி 120 வாட் சார்ஜருடன் 11ஐ ஹைப்பர்சார்ஜ் போனை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. 15 நிமிடத்தில் முழு சார்ஜ் என்றது. 2023ல் ரியல்மி 240 வாட் வரை சென்றது. பத்து நிமிடத்திற்குள் முழு சார்ஜ் என்றது.

இது எப்படி முடிகிறது? பல போன்களில் பேட்டரியை இரண்டு செல்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் இரண்டையும் சார்ஜ் செய்கிறார்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப வேகத்தைக் குறைக்கிறார்கள். எனவே பெட்டியில் போட்டிருக்கும் வாட் முழு நேரமும் கிடைப்பதில்லை. தொடக்கத்தில் சிறிது நேரம்தான்.

“அதிக வாட் சார்ஜரைப் போட்டால் போன் கெட்டுவிடுமா?” என்று பலர் கேட்கிறார்கள். தரமான சார்ஜர் என்றால் கெடாது. போன் கேட்கும் அளவுதான் சார்ஜர் தரும். போட்டியில் மறக்கப்படுவது வெப்பம். விரைவாக சார்ஜ் ஆகும்போது சூடும் கூடுகிறது. அவசரமில்லாத நேரத்தில் மெதுவான சார்ஜரே பேட்டரிக்கு நல்லது.

இப்போது நடக்கும் போட்டி

புதிய போட்டி கிராபைட்டில் நடக்கிறது. அதே எடை சிலிக்கான், கிராபைட்டைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு லித்தியத்தை ஏற்கும். ஆனால் சார்ஜ் ஆகும்போது அதன் பருமன் மூன்று மடங்கு வரை பெருகி உடைந்துவிடும். அதனால் சிறு அளவு சிலிக்கானைக் கார்பனோடு கலந்து பயன்படுத்துகிறார்கள். 2023ல் ஹானர் நிறுவனம் சீனாவில் விற்ற மேஜிக்5 புரோ போனில் இது வந்தது. இந்தியாவில் 2025 ஜனவரியில் 6,000 எம்.ஏ.எச். பேட்டரியுடன் ஒன்பிளஸ் 13 வந்தது. ஏப்ரலில் 7,300 எம்.ஏ.எச். பேட்டரியுடன் ஐகூ இசட்10 வந்தது. சாம்சங்கின் விலை உயர்ந்த அல்ட்ரா போன்களில் 2020ல் இருந்த 5,000 எம்.ஏ.எச்.தான் 2025லும் இருந்தது. இந்தப் போட்டியில் சீன நிறுவனங்கள் முந்திவிட்டன.

பெட்டியில் பெரிய எழுத்தில் இல்லாத எண்

மேலே சொன்ன எம்.ஏ.எச்., வாட் இரண்டும் பெட்டியில் பெரிதாக இருக்கும். நமக்கு முக்கியமான மூன்றாவது எண் ஒன்று உண்டு. அது சார்ஜ் சுற்று. இன்று 50 சதவீதமும் நாளை 50 சதவீதமும் செலவழித்தால் ஒரு சுற்று. எத்தனை சுற்றுக்குப் பின் பேட்டரி 80 சதவீதக் கொள்ளளவுக்கு இறங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஐபோன் 14 வரை ஆப்பிள் சொன்ன கணக்கு 500 சுற்று. ஐபோன் 15 முதல் 1,000. 2022ல் ஆப்போ தன் சில போன்களுக்கு 1,600 என்றது. நாளுக்கு ஒரு சுற்று என்று கொண்டால் 500 சுற்று ஒன்றே கால் ஆண்டுக்குச் சற்று அதிகம். 1,000 சுற்று இரண்டே முக்கால் ஆண்டு. 1,600 சுற்று நான்கு ஆண்டுக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் குறைந்தது 800 சுற்றுக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்க வேண்டும் என்பது சட்டம். அந்த எண்ணைப் போனுடன் வரும் முத்திரையிலும் காட்ட வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியவை

1. இந்தப் பேட்டரி எத்தனை சுற்று தாங்கும்? கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் இணைய தளத்தில் பாருங்கள்.

2. பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும்? நம் ஊரில் அல்லது மதுரை, திருச்சியில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா?

3. சார்ஜர் பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா?

4. 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி உண்டா? பேட்டரியின் நிலையை செட்டிங்ஸ் பகுதியில் பார்க்க முடியுமா?

5. வெளியில் பேட்டரி மாற்றினால், லேபிளில் ஐ.எஸ். 16046 என்ற தர முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா? பி.ஐ.எஸ். கேர் என்னும் அப்ளிகேஷனில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

போனை மெத்தை, தலையணை மேல் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். எங்கள் வீடுகளில் ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை இருக்கிறது. அது போன்ற குளிர்ந்த, கெட்டியான பரப்பில் வையுங்கள். தடித்த கவரைக் கழற்றிவிடுங்கள். 35 டிகிரிக்கு மேல் வெப்பம் பேட்டரியை நிரந்தரமாக நலிவடையச் செய்யலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ போனை விடக் கூடாது.

20 முதல் 80 சதவீதத்திற்குள் வைத்துக்கொள்வது நல்லது. முழுவதும் தீர்ந்த பின்தான் சார்ஜ் செய்ய வேண்டும், புதுப் போனை எட்டு மணி நேரம் சார்ஜ் செய்ய வேண்டும் என்பவை பழைய வகை பேட்டரிகளுக்குச் சொன்னவை. லேப்டாப்பை எப்போதும் மின் இணைப்பிலேயே வைத்திருப்பவர்கள் அதிலும் 80 சதவீத வசதி இருக்கிறதா என்று பார்த்து இயக்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி வீங்கினால் சார்ஜரை உடனே பிடுங்குங்கள். போனை அணைத்துவிடுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. தீப்பற்றும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துச் செல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022ல் வந்த பேட்டரி கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

அப்பத்தாவின் போன்

நான் போனை அணைத்து, காலி மண் சட்டியில் வைத்து, வளவின் நிழலில் ஓர் இரவு விட்டேன். காலையில் செக்காலை ரோட்டில் உள்ள ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் பிளாஸ்டிக் தகட்டால் பசையை மெல்ல விடுவித்து, உப்பிய பேட்டரியை வெளியே எடுத்தார். எனக்கு அப்போது வியர்த்தது. புதுப் பேட்டரி பொருத்திப் போனை இயக்கினார். திரை எரிந்தது. ஐயாவின் குரல் பதிவுகள் அப்படியே இருந்தன.

வீட்டிற்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, போனைக் கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைத்ததுதான். நீங்களும் இதைச் செய்யலாம். இணைத்தபின் போன் திரையில் வரும் அறிவிப்பில் ‘பைல் டிரான்ஸ்பர்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் போனின் பெயர் தெரியும். புகைப்படங்கள் ‘டிசிஐஎம்’ என்ற போல்டரில் இருக்கும். குரல் பதிவுகளுக்கு ‘ஆண்ட்ராய்ட்’, அதனுள் ‘மீடியா’, அதனுள் வாட்ஸ்அப் பெயரில் உள்ள போல்டர் என்று செல்லுங்கள். அங்கே ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ கிடைக்கும். முழு போல்டரையும் காப்பி செய்து கம்ப்யூட்டரில் ஒட்டுங்கள். இந்தப் பைல்களை வி.எல்.சி. பிளேயரில் கேட்கலாம்.

ஐயாவின் பதிவு ஒன்றைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் ஒலிக்க விட்டேன். ஊரணிப் பக்கம் போயிருக்கிறேன், வர நேரமாகும், சாப்பிட்டுவிடு என்று அப்பத்தாவிடம் சொல்கிறார். அவ்வளவுதான். அப்பத்தா இன்னொரு முறை போடச் சொன்னார். இப்போது அவர் இரவில் போனை சார்ஜில் போடுவதில்லை. காலையில் காபி குடிக்கும் நேரத்தில், முற்றத்து ஓரத் தரையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து போடுகிறார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் போனை இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை. கம்ப்யூட்டரில் ஒரு நகல். இரண்டுக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும்.